உன் அப்பாவின் கீழ்த்தாடை

என் கண்ணுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நீ சொன்னதற்கு நான் பதில் சொல்லாமல் நின்றுவிட்டேன். வழியில் தின்ன உனக்குக் கொய்யாப்பழம் வாங்க உங்கப்பா கடைப்பக்கம் போயிருந்தார். அவர் திரும்புவதற்குள் பேசிவிட வேண்டும் என்ற அவசரத்தில் நீ ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாய்: "அம்மா, என் கல்யாணத்தன்னிக்கு அப்பா கிளாரினெட்டு எடுக்க வேணாம்மா. பொண்ணு வூட்ல எல்லாரும் ஆபீசு உத்தியோகக்காரங்க. மாப்பிள்ளையோட அப்பா செவப்புக் கோட்டை மாட்டிக்கினு பேண்டு செட்டோட நடந்து வந்தா நல்லாவா இருக்கும்? நீயே பதமா எடுத்துச் சொல்லிடு." அதற்குள் அவர் பழத்தோடு வந்துவிட்டார். பஸ்ஸும் நெய்வேலிக்குப் புறப்பட்டுவிட்டது. நீ போன பிறகும் அவர் கையை ஆட்டிக்கொண்டே நின்றார்.

எனக்குக் கோபம் இல்லை. நாம் எந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நெய்வேலியில் நீ வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நாலு பேருக்குச் சமமாக நாற்காலியில் உட்காருகிறாய். அந்த நாற்காலி ஆடிவிடுமோ என்று உனக்கு ஒரு பயம். நானும் டீச்சர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் இருந்தேன். என் அம்மா பள்ளிக்கூட வாசலுக்குக் கூழ் கொண்டுவந்தால், யார் பார்க்கிறார்கள் என்று முதலில் சுற்றிப் பார்ப்பேன். அதனால் உன்னை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கிளாரினெட்டைப் பற்றி உனக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. உனக்குச் சொல்ல வேண்டாம் என்று உங்கப்பா நினைத்ததால் நானும் இத்தனை வருஷம் சொல்லவில்லை. நீ ஒரு குடும்பத்துக்குத் தலைவனாகப் போகிற சமயத்தில் அது உனக்குத் தெரிந்திருப்பது நல்லது.

நீ அப்போது ஒன்றாம் வகுப்பு. உங்கப்பா மல்லாட்டை மில்லில் கடலை மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். அவர் அதிகம் பேசாதவர் என்று உனக்குத் தெரியும். மில்லில் அவர் வாயே திறக்க மாட்டார். அவரைவிட வயதில் சின்ன மேஸ்திரி "டேய், ஜல்தி வாடா" என்று கூப்பிட்டாலும் குனிந்த தலையோடு போய் மூட்டைக்குத் தோள் கொடுப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தாலும் அந்தக் குனிவு போகாது. கல்யாண மாதங்களில் பேண்டு செட்டில் ஊதப் போனால்தான் அவர் வேறு ஆள். கோட்டைப் போட்டுக்கொண்டு கிளாரினெட்டைத் தூக்கினால் முதுகு நிமிர்ந்துவிடும். டிரம் அடிக்கிறவன், எக்காளம் ஊதுகிறவன் எல்லாரும் அவர் புருவத்தைப் பார்த்துத்தான் தாளத்தை மாற்றுவார்கள். மாதா கோயில் தேர் அன்றைக்கு அவர் ஊதுவதைப் பார்த்துத்தான் நான் அவரைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தேன். மில்லில் முதலில் பார்த்திருந்தால் சம்மதித்திருப்பேனா என்று எனக்குத் தெரியாது.

அந்த வருஷம் இடது பக்கம் கீழ்த்தாடையில் அவருக்கு ஒரு வீக்கம் வந்தது. வலி பெரிதாக இல்லை. கிராம்புத் தைலம் வைத்தார், உப்புத் தண்ணீர் கொப்பளித்தார். வீக்கம் வடியவில்லை. விரலால் அழுத்தினால் காய்ந்த முட்டை ஓடு நெரிகிற மாதிரி இருக்கிறது என்று ஒருநாள் சொன்னார். புற்றாக இருக்குமோ என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நாளே பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு, உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அவரைக் கூட்டிக்கொண்டு விழுப்புரத்துக்குப் போனேன்.

விழுப்புரம் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஒரு பல் டாக்டர் இருந்தார். மெட்ராஸில் படித்துவிட்டு வந்தவர், நடு வயது. நம்மைப் போன்றவர்களை வாசலில் நிறுத்தி வைத்துப் பார்க்கிற பழக்கம் அவரிடம் இல்லை. உங்கப்பாவை நாற்காலியில் உட்கார வைத்துத் தாடையைத் தடவிப் பார்த்தார். கடலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார். அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எங்கள் இருவருக்கும் காட்டினார். கோரைப்பல்லுக்கும் அதற்கடுத்த பல்லுக்கும் கீழே எலும்புக்குள் கோலிக்குண்டு மாதிரி ஒரு கருப்பு வட்டம்.

"இது புத்து இல்லம்மா, பயப்படாதீங்க. நீர்க்கட்டி. ஆனா இப்படியே விட்டா எலும்பை அரிச்சிக்கினே போவும். ஒருநாள் கெட்டியா ஏதாவது கடிச்சாக்கூட தாடை ஒடிஞ்சிடும். தொறந்து எடுத்துடணும்."

உங்கப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எடுத்த பெறவு ஊதலாங்களா?"

கிளாரினெட்டை எப்படிப் பிடிப்பார்கள் என்று நீ சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாய். கீழுதட்டைக் கீழ்ப்பற்கள்மேல் மடித்து, அந்த உதட்டின்மேல்தான் ரீடு என்கிற நாணல் சீவலை வைக்க வேண்டும். அதன் துடிப்பை உதடு உணர்ந்தால்தான் எவ்வளவு அழுத்துவது, எங்கே விடுவது என்று தெரியும். உங்கப்பா இதை டாக்டருக்குக் காட்ட, வெறும் விரலை உதட்டின்மேல் வைத்து ஊதுகிற மாதிரி செய்தார். டாக்டர் சிரிக்கவில்லை. ஒரு காகிதத்தில் தாடையின் படம் போட்டார். எலும்புக்குள் சுரங்கத்தில் போகிற மாதிரி ஒரு நரம்பு போகிறது. கோரைப்பல்லைத் தாண்டி இருக்கிற சின்னக் கடைவாய்ப்பற்களுக்குக் கீழே ஓர் ஓட்டை வழியாக வெளியே வந்து உதட்டுக்கும் முகவாய்க்கும் பிரிகிறது. உதட்டின் உணர்ச்சியெல்லாம் அதனால்தான் என்றார். "அந்த ஓட்டை இருக்கற எடம் எனக்குத் தெரியும். அதுக்கு முன்பக்கமா எலும்பைத் தொறப்பேன். நரம்பு பக்கமே போவ மாட்டேன். நீங்க ஊதலாம்" என்றார். உங்கப்பா தலையாட்டிவிட்டு எழுந்தார். எனக்கும் பாதி பாரம் இறங்கிவிட்டது.

ஆபரேஷன் அன்றைக்கு என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். ஊசி போட்டு அந்தப் பக்கத்தை மரக்க வைத்திருந்தார்கள், ஆள் விழித்துத்தான் இருந்தார். கொஞ்ச நேரம் கத்தி, கிண்ணம் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. கதவு திறந்து டாக்டரே வந்தார். கையில் ரத்தம் பட்டிருந்தது. "உள்ள வாங்கம்மா, ஒண்ணு காட்டணும்" என்றார்.

ஈறைக் கீறி ஒதுக்கி வைத்திருந்தார். அடியில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. பின்னால், அவர் முன்பு படம் போட்டுக் காட்டிய இடத்தில், ஓர் ஓட்டையும் அதிலிருந்து வெளியே வருகிற வெள்ளை நரம்பும் இருந்தன. அதற்கு முன்னால், கோரைப்பல்லுக்குக் கீழே, இன்னொரு சின்ன ஓட்டை. அதிலிருந்தும் தையல் நூல் கனத்தில் ஒரு நரம்பு கிளம்பி உதட்டுக்குள் போயிற்று. எந்த இடத்தில் எலும்பைத் திறக்க வேண்டுமோ, சரியாக அந்த இடத்தின் குறுக்கே.

"எல்லாருக்கும் ஒரு பக்கத்துக்கு ஒரு வழிதான் இருக்கும்மா. இவருக்கு ரெண்டு இருக்குது. கட்டியோட நெழல்ல இது எக்ஸ்ரேல தெரியல. நான் இதை எதிர்பாக்கல" என்றார். குரலில் பதற்றம் இல்லை, ஆனால் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. பிறகு உங்கப்பாவின் வாயில் திணித்திருந்த துணியை எடுத்தார். நாற்காலியை நிமிர்த்தி, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். "நீங்களும் கேட்டுக்கங்க. இது ஒங்க வாயி" என்று சொல்லிவிட்டு இரண்டு வழிகளையும் விளக்கினார்.

அந்த மெல்லிய நரம்பை அறுத்துவிட்டால் இன்றைக்கே கட்டியை முழுசாக எடுத்துவிடலாம், அதோடு தொல்லை தீர்ந்தது. ஆனால் இடது பக்கக் கீழுதட்டில் நல்ல ஒரு பகுதி ஆயுசுக்கும் மரத்துப்போகும். அறுக்க வேண்டாம் என்றால், கட்டிக்கு மேலே இருக்கிற பல்லைப் பிடுங்கி, அந்தக் குழி வழியாக ஒரு சின்ன வாசல் வைத்து, மருந்துத் துணியை உள்ளே திணித்துத் திணித்து மாற்றிக்கொண்டே வர வேண்டும். கட்டி தானாகச் சுருங்கி எலும்பு மூடிக்கொண்டு வரும். அதற்குப் பல மாதம் ஆகும். அதுவரை தாடை பலவீனமாகத்தான் இருக்கும். சுருங்காமலும் போகலாம், அப்போது மறுபடி அறுக்க வேண்டியதுதான். "எது செய்யட்டும்?"

உங்கப்பா யோசிக்கவே இல்லை. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு, எச்சில் ஒழுகிக்கொண்டு, குழறிக் குழறிச் சொன்னார். அதை அப்படியே எழுதுகிறேன். "அறுத்துடுங்க டாக்டரே. மில்லுல மூட்டை தூக்கறதுக்கு உதடு எதுக்கு? மாசக்கணக்கா இப்படி வந்துக்கினு இருந்தா வேல போயிடும். புள்ள படிக்கணும். நான் ஊதாட்டி யாரும் செத்துட மாட்டாங்க."

டாக்டர் தலையாட்டிவிட்டுத் திரும்பினார். அப்போதுதான் நான், "வேணாங்க டாக்டர். அதைத் தொடாதீங்க" என்றேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "வாயி அவரோடதும்மா. அவரு சொல்லிட்டாரு."

நான் உங்கப்பாவின் பக்கத்தில் போய் நின்றேன். எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ தெரியாது. அதுவரை நாலு பேர் முன்னால் அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசியதே இல்லை. "புள்ளைய நான் படிக்க வைக்கறேன். என் சம்பளம் இருக்குது. கூழு குடிச்சாலும் படிக்க வைப்பேன். நீங்க ஊதறத விட்டுட்டா, அப்புறம் மில்லுல குனிஞ்சிக்கினு நிக்கற ஆளுதான் வூட்டுக்கு வருவாரு. அந்த ஆளோட என்னால ஆயுசு பூராவும் இருக்க முடியாதுங்க" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் அவசரப்படுத்தாமல் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். கடைசியில் கண்ணைத் திறக்காமலே, "சரி டாக்டரே, அவ சொல்றபடியே செய்யுங்க" என்றார்.

சொல்வது சுலபமாக இருந்தது. அதற்குப் பிறகு வந்த மாதங்கள் சுலபமாக இல்லை. வாரா வாரம் விக்கிரவாண்டி வழியாக பஸ்ஸில் விழுப்புரம் போவோம். பழைய துணியை இழுத்தெடுக்கும்போது அவர் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். நாற்றம் தாங்காது. குழியைக் கழுவிவிட்டுப் புதுத் துணியைத் திணிப்பார் டாக்டர். வீட்டில் கேப்பைக் கூழும் குழைந்த சோறும்தான். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, அப்பா ஏன் முறுக்கு கடிக்க மாட்டேங்கிறார் என்று நீ கேட்டுக்கொண்டே இருப்பாய். மில்லில் மூட்டை தூக்கினால் தாடையில் இடிபடும் என்று அவரைச் சாக்கு தைக்கிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே பெண்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள். அதை வைத்து மற்ற ஆண்கள் அவரைக் கேலி செய்தார்கள். கிளாரினெட்டைத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டுவிட்டார். பேண்டு செட்டில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான்.

மழைக்காலத்தில் ஒரு வாரம் ஆற்றில் வெள்ளம் வந்து பஸ் ஓடவில்லை. துணியை மாற்ற முடியவில்லை. அவர் முகம் வீங்கிக் காய்ச்சல் அடித்தது. வாயைச் சரியாகத் திறக்க முடியாமல் படுத்திருந்தார். நான் வெந்நீர் வைத்து எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, "அன்னிக்கே அறுத்திருந்தா இந்தப் பேஜாரு இல்ல. உன் பேச்சைக் கேட்டேன் பாரு" என்றார். நான் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து அவர் கன்னத்தில் வைத்தேன். தாடை ஒடிந்துவிட்டால், ஊதவும் முடியாமல் தூக்கவும் முடியாமல் போய்விட்டால், அது நான் பேசிய பேச்சால்தான். அவர் இசைக்காகத்தான் அப்படிச் சொன்னேனா, எனக்குப் பிடித்த ஆளை நான் இழக்கக் கூடாது என்று சொன்னேனா? அந்தக் கேள்வி அடுப்படியில், வகுப்பறையில், எங்கே போனாலும் கூடவே வந்தது. இன்றைக்கும் வருகிறது.

தண்ணீர் வடிந்ததும் முதல் பஸ்ஸில் போனோம். டாக்டர் சீழை வடித்துவிட்டுக் குழியைக் கழுவி, ஊசி போட்டார். பஸ் வராவிட்டால் வீட்டிலேயே துணியை மாற்ற எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அதற்குப் பிறகு நானே செய்தேன். வலிக்கும்போது அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். கோபமும் அப்படியே வடிந்தது. ஒவ்வொரு தடவையும் உள்ளே போகிற துணியின் நீளம் குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் இரண்டாவது எக்ஸ்ரே எடுத்தோம். டாக்டர் அதைப் பழைய படத்தோடு சேர்த்து ஜன்னலில் பிடித்தார். கோலிக்குண்டு இருந்த இடத்தில் மிளகு அளவுக்குத்தான் கருப்பு இருந்தது. "எலும்பு மூடிக்கினு வருது" என்று சொல்லிவிட்டு ஊசி முனையால் உங்கப்பாவின் உதட்டைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார். எல்லா இடத்திலும் "தெரியுதுங்க, தெரியுதுங்க" என்றார். முகவாயில் ஒரு சின்ன இடம் மட்டும் மந்தமாக இருந்தது. அது இன்றைக்கும் அப்படித்தான். சவரம் செய்யும்போது அங்கே வெட்டிக்கொண்டால் நான் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

அன்றைக்கு டாக்டர் அலமாரியிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை எடுத்தார். அதில் காய்ந்த தாடை எலும்புகள் இருந்தன. காலேஜில் படித்த காலத்திலிருந்து வைத்திருக்கிறாராம். உங்கப்பாவுக்கு ஆபரேஷன் செய்த பிறகு எல்லாவற்றையும் எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாராம். அவற்றில் ஒன்றைக் கையில் கொடுத்தார். ஒரு பக்கம் ஓர் ஓட்டை, மறுபக்கம் இரண்டு. "பரிச்சைக்கு இதைக் கையில வச்சிக்கினுதாம்மா படிச்சேன். ஒண்ணுன்னு எழுதியிருந்துச்சு, ஒண்ணைப் பாத்தேன், வச்சிட்டேன். இப்பல்லாம் யாரு வந்தாலும் ரெண்டாவது இருக்குதான்னு தேடிட்டுத்தான் கத்தியத் தொடறேன்" என்றார். உங்கப்பா அந்த எலும்பை ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தன்னைப் போல இன்னொருவர் இருந்திருக்கிறார் என்பதில் அவருக்கு என்னவோ ஒரு திருப்தி.

பரண்மேல் இருந்த கிளாரினெட்டை இறக்க அதற்குப் பிறகும் அவர் நாள் எடுத்துக்கொண்டார். முதல் நாள் ஊதியபோது பல் போன சந்து வழியாகக் காற்று ஓடிவிட்டது. வாத்து கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. நீ காதைப் பொத்திக்கொண்டு உருண்டு உருண்டு சிரித்தாய். அவரும் சிரித்தார், அந்த வருஷம் அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். பிறகு மெழுகுவர்த்தியை உருக்கி உருட்டி அந்தச் சந்தில் அடைத்துக்கொண்டு பழகினார். டாக்டர் ஒரு பொய்ப்பல் கட்டிக் கொடுத்தது பின்னால்தான். அறுவடை முடிந்து பிரம்மதேசத்தில் ஒரு கல்யாணத்துக்கு அவரைக் கூப்பிட்டார்கள். நானும் உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். மாப்பிள்ளை ஊர்வலத்தில் எல்லாருக்கும் முன்னால் அவர் நிமிர்ந்து நடந்து வந்தார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவர் பார்த்துவிடக் கூடாது என்று குனிந்து உன் தலையில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

இவ்வளவும் எழுதியது, உன்னை மடக்கி அவரை ஊத வைப்பதற்காக இல்லை. உனக்காக அவர் ஊதுவதையே விட்டுவிட ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. நீ கேட்டாலும் அப்படித்தான் விட்டுக்கொடுப்பார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உன் வேண்டுகோளை என் வழியாக அவரிடம் அனுப்ப நான் ஒத்துக்கொள்ளவில்லை. இன்னொருவருடைய விஷயத்தை அவர் முதுகுக்குப் பின்னால் முடிவுசெய்வது சுலபம். அந்த டாக்டர் நினைத்திருந்தால் நரம்பை அறுத்துவிட்டு, சில பேருக்கு இப்படித்தான் மரத்துப்போகும் என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது? அவர் பாதியில் நிறுத்தினார், நாற்காலியை நிமிர்த்தினார், கேட்டார். உன் வீட்டுக்கு வரப்போகிற பெண்ணிடமும் நீ அப்படி இரு. எல்லாப் பெண்களுக்கும் இதுதான் பிடிக்கும், எல்லாக் குடும்பத்திலும் இதுதான் வழக்கம் என்று யார் எதைச் சொல்லிக்கொடுத்தாலும், அவளைப் பார்த்து அவளிடமே கேட்டுவிட்டுச் செய்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் உனக்கு லீவு கிடைக்கும் என்றாயே, வா. உன் மனசில் இருப்பதை உங்கப்பாவிடம் நீயே சொல். அவர் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொள்வார், நீ எழுந்துவிடாதே. ஊதறேன் என்று சொன்னாலும், பந்தலில் உட்கார்ந்துக்கறேன் என்று சொன்னாலும், அது அவர் வாயிலிருந்தே வரட்டும். விழுப்புரத்தில் நான் அவருக்குக் குறுக்கே பேசினேன். இந்தத் தடவை அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பேன்.

உன் வரவை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்
அம்மா